இலைக்குப் பக்கத்தில் வைக்காத தண்ணீர்

என் ஆசை அம்மாவுக்கு,

நைனாவும் அத்தையும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கொஞ்ச நாளாகச் சோறு உள்ளே போனாலே எனக்கு நெஞ்சுக்குழி எரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. உன்னைப் போல நானும் வயிற்று நோயில் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நீ போன பிறகு நம் வீட்டில் சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் அத்தை சொம்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். "உங்கம்மா ஒரு வாய் சோறு, ஒரு வாய் தண்ணின்னு துன்னுக்கினு இருந்தா. அப்புறம் எப்படி செரிக்கும்? அதான் வயிறு புண்ணாப் போச்சு" என்கிறார். எல்லோரும் நம்பினோம். களி தொண்டையில் நிற்கும்போதுகூட நான் தண்ணீர் கேட்டதில்லை. எரிகிறது என்று சொன்னால், திருட்டுத்தனமாகக் குடித்தாயா என்றுதானே கேட்பார்கள்?

இன்று உன் நினைவு ஜெபம். புத்தூரிலிருந்து மாமா வந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் அவருக்கு விக்கல் எடுத்தது. "தண்ணி குடும்மா" என்றார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"துன்னு முடிச்சிட்டு குடிங்க தம்பி. உங்க தங்கச்சி எப்படிப் போனான்னு தெரியாதா?"

"இலையப் போட்டுத் தண்ணி வெக்காத வூடு சித்தூர்லயே இது ஒண்ணுதான்" என்று மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவ எங்க வூட்ல இருந்த வரைக்கும் சாப்பாட்டு நடுவுல ஒரு மடக்கு குடிக்கமாட்டாக்கா. கடைசி கிறிஸ்துமஸுக்கு வந்தப்பதான் சொம்பப் பக்கத்துலயே வெச்சுக்கினு இருந்தா. என்னடி இது புதுசான்னேன். 'சோறு எறங்குனா எரியுதுண்ணா, தண்ணி ஊத்தினாத்தான் அடங்குது'ன்னா. வூட்ல சொன்னியான்னேன். சொல்றேன்னா."

நைனாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அத்தை எழுந்துபோய்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை. மாமாவின் விக்கல்கூட நின்றுபோயிருந்தது.

அப்படியென்றால் எரிச்சல்தான் முதலில் வந்திருக்கிறது, இல்லையா அம்மா? அதை அடக்கத்தான் குடித்தாயா? நாங்கள் இத்தனை நாளும் உன்மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தோம். நைனாவுக்கு லீவு கிடைக்காது என்று மறைத்தாயா? என் பரீட்சைக்காகவா? சொம்பு காலியாகும்போதெல்லாம் நிரப்பிக் கொடுத்தவள் நான். இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அதனால் அந்த வாசலை மிதிக்கவே எனக்குப் பயம். ஆனாலும் விடிந்ததும், நைனா பல் தேய்க்கும்போதே பக்கத்தில் போய் நின்று, "நைனா, எனக்கும் எரியுது" என்று சொல்லிவிடுவேன். முதல் தடவை அவர் காதில் விழாமல் போகலாம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப் புறப்படும் வரை சொல்லிக்கொண்டே இருப்பேன் அம்மா. இது சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவள்,
கிரேஸ்