வேளூருக்கு நேர்ந்த முடி

பவானிபூர், கல்கத்தா
1910 ஜனவரி 12

சௌபாக்கியவதி பாகீரதிக்கு,

இவ்விடம் க்ஷேமம். ஆசீர்வாதம் என்று எழுத எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகையால் அன்பு என்று எழுதுகிறேன். டைபாய்டு ஜுரம் விட்டுவிட்டது. டிராம் ஏறி ஆபீசுக்கும் போகத் தொடங்கிவிட்டேன். என் ஆபீஸ் சிநேகிதன் அனந்தகிருஷ்ணனின் சம்சாரம் கொடுத்த கஞ்சியும் ஒரு வங்காளி டாக்டரின் பிடிவாதமும்தான் என்னைப் பிழைக்க வைத்தன. அவர்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை நமக்கென்று பேசியிருக்கிறேன். பங்குனி பிறந்ததும் நீ இங்கே வந்துவிட வேண்டும். கல்யாணம் செய்துகொண்டு கடுதாசியோடு குடித்தனம் நடத்தியது போதும்.

விதவைகளின் தலையை மழிக்கும் கொடுமை பற்றி நான் எழுதிய வியாசம் பத்திரிகையில் வந்துவிட்டது. அனுப்பியிருக்கிறேன். மழித்த தலை அபசகுனம் என்பது மூடர் பேச்சு என்று அடித்து எழுதியிருக்கிறேன். வாசித்துச் சொல்.

இன்னொரு விஷயம். எனக்கு ஜுரம் கண்டபோது என் முடியை நீ வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாய் என்று அம்மா எழுதச் சொல்லியிருக்கிறாள். என் தலை எனக்குச் சொந்தம். அடுத்தவன் தோட்டத்து மாங்காயைப் பறித்து நைவேத்தியம் செய்வதாக நீ எப்படிச் சொல்லலாம்? கிராப்பை எடுக்க மாட்டேன்.

உன்
வைத்தீஸ்வரன்


மாயவரம்
ஜனவரி 20

என் பிராணநாதர் அவர்களுக்கு அடியாள் பாகீரதி அநேக நமஸ்காரம்.

தங்கள் கையெழுத்தைக் கண்ட பிறகுதான் இந்த வீட்டில் அடுப்பு சரியாக எரிகிறது. 'நிலைமை மோசம்' என்று தந்தி வந்த அன்று அத்தை கூடத்திலேயே விழுந்துவிட்டார். மாமா ரயில் விசாரிக்கப் போனவர் திரும்பும் வழி மறந்து நின்றாராம். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற நான் கஞ்சி காய்ச்சித் தர முடியுமா, நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியுமா? எனக்கு இருந்த ஒரே கை சுவாமிதான். கூப்பிட்டேன்.

உங்கள் பெயரை நான் எழுதக்கூடாது. சுவாமிக்கும் அதே பெயர். ஆகையால் வேளூர் என்றே எழுதுகிறேன். அந்த ஊருக்கு அதுவும் பெயர்தானே. வேளூருக்கு முழுத்தலை முடி என்று நேர்ந்தேன். புருஷன் தலையைப் பெண்டாட்டி நேர்ந்துகொள்ளாமல் அடுத்த வீட்டுக்காரியா நேர்ந்துகொள்வாள்? உங்களை நம்பச் சொல்லவில்லை. வந்து என்னை அழைத்துப் போகும்போது ஒருநாள் அங்கே இறங்கினால் போதும். முடிதானே, வளரும்.

அடியாள்
பாகீரதி


பவானிபூர்
ஜனவரி 30

அன்புள்ள பாகீரதிக்கு,

முடி வளரும். அதோடு சேர்ந்து பொய்யும் வளரும். நாளைக்கு நான் மொட்டையோடு ஆபீசுக்குப் போனால் அனந்தகிருஷ்ணன் ஊரைக் கூட்டிவிடுவான். "பாத்தேளா, ஜுரம் வந்தா சாமி தானா வந்துடுத்து" என்பான். இத்தனை வருஷம் நான் பேசிய பேச்சு ஒரே சவரத்தில் போய்விடும். குடுமியை எடுத்தபோது அப்பா மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. அப்படிப் பாடுபட்டுப் பெற்ற தலை இது.

ஒன்று கேட்கிறேன். எனக்கு ஜுரம் கண்ட அதே வாரம் எங்கள் தெருவில் ஒரு வங்காளிப் பிள்ளைக்கும் கண்டது. அதே டாக்டர்தான். அவன் அம்மா காளிகாட்டுக் கோயிலுக்குப் போய்ப் படியில் தலையை மோதிக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. உன் கூப்பாட்டுக்குக் காது கொடுத்தவர் அவள் கூப்பாட்டுக்கு ஏன் கொடுக்கவில்லை? என் முடி வேண்டுமானால் முதலில் இதற்குப் பதில் எழுது.

'அடியாள்' என்று போடாதே என்று எத்தனை தடவை சொல்வது?

உன்
வைத்தீஸ்வரன்


மாயவரம்
பிப்ரவரி 12

என் பிராணநாதர் அவர்களுக்கு நமஸ்காரம்.

அந்தப் பிள்ளையைப் பற்றி வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் என்னிடம் இல்லை. குருக்களிடம் கேட்டேன், கர்மவினை என்றார். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே உங்களிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் தெரியவில்லை என்பதற்காகக் கொடுத்த வாக்கு இல்லையென்று ஆகிவிடுமா? நான் பேரம் பேசவில்லை. வாக்குக் கொடுத்தேன்.

உங்களைக் கேட்காமல் உங்கள் தலையைக் கொடுத்தது நியாயமில்லை. அதில் நீங்கள் சொல்வது சரி. ஆகையால் என் தோட்டத்து மாங்காயையே கொடுத்துவிடப் போகிறேன். என் முடி.

சுமங்கலிக்குப் பூமுடிதான், நுனியில் மூன்று விரற்கடை கத்தரித்தால் போதும் என்கிறார் குருக்கள். நான் நேர்ந்தது முழுத்தலை. அத்தை, "ஏண்டி, ஆம்படையான் குத்துக்கல்லாட்டம் இருக்கச்சே தலையை மழிச்சுக்கறேங்கறியே, பித்துப் பிடிச்சுடுத்தா?" என்று மாரில் அடித்துக்கொண்டார். நீங்கள் அனுப்பிய வியாசத்தை உரக்க வாசித்துக் காட்டினேன். காதைப் பொத்திக்கொண்டார். நீங்கள் பொத்த மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று, கோபிக்க வேண்டாம். விக்கிரகம் வேண்டாம் என்கிறீர்கள். உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. தினமும் எண்ணெய் தடவி வகிடு எடுக்கிறீர்கள்.

அடியாள்
பாகீரதி


கல்கத்தா, ஆபீஸ்
பிப்ரவரி 19

பாகீரதி,

செய்யாதே. இதைத் தபாலில் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

விளையாட்டா இது? உன்னைப் பார்க்கிறவர்கள் நான் செத்துப்போனதாக நினைப்பார்கள். விஷயத்தை அனந்தகிருஷ்ணனிடம் சொன்னது என் புத்தி கெட்டதனம். அவன் சம்சாரம் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அந்தக் கோலத்துல வந்தா எங்காத்து மாடியில இடமில்லே. கார்த்தால எழுந்து அந்த மூஞ்சியில முழிக்கவா?" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கஞ்சி கொடுத்த கை அது.

போதும், நீ ஜெயித்தாய். லீவு கேட்டிருக்கிறேன். நேரே வந்து நானே மொட்டை போட்டுக்கொள்கிறேன். சுவாமிக்காக இல்லை, உனக்காக. உன் பின்னல் எனக்குப் பிடிக்கும். இதுவரை அதைச் சொன்னதில்லை. அது இல்லாத உன்னை நினைத்தால் எனக்குப் பயமாயிருக்கிறது.

வைத்தீஸ்வரன்


மாயவரம், அண்ணா வீடு
பிப்ரவரி 26

என் பிராணநாதர் அவர்களுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வருமுன்பே, செவ்வாய்க்கிழமை, வேளூர் போய்வந்துவிட்டேன்.

குளக்கரையில் நாவிதர் என் கழுத்துத் தாலியைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன்" என்றார். கத்தரிக்கோல் கொண்டுபோயிருந்தேன். பின்னலை நானே வெட்டினேன். லேசில் வெட்டுப்படவில்லை. பாதித் தலையோடு என்னை அனுப்ப மனமில்லாமல், அழுதுகொண்டே மீதியை அவர் எடுத்தார். நான் அழவில்லை. வீடு வந்தபோது மாமா வாசலை மறித்து, "என் பிள்ளை உசுரோட இருக்கச்சே இந்தக் கோலத்துல என் ஆத்துக்குள்ள வராதே" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது. என் கூடப்பிறந்த லக்ஷ்மிநாராயணன் அண்ணா வந்து தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

நெற்றியில் குங்குமம், கழுத்தில் திருமாங்கல்யம், தலையில் ஒன்றுமில்லை. எதிரே வருகிறவர்கள் ஒதுங்குவதா, 'சௌக்கியமா' என்று கேட்பதா என்று தெரியாமல் தெருவில் திண்டாடுகிறார்கள். பார்க்க வேடிக்கையாகக்கூட இருக்கிறது.

நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்? சகுனம் பொய் என்று அச்சில் போட்டவர் நீங்கள். அதை நம்புகிற நான் துணிந்து உட்கார்ந்தேன், நம்பாத நீங்கள் நடுங்குகிறீர்கள். நம்பாதவர் முடி சுவாமிக்கு வேண்டாம். பயந்தவர் முடி எனக்கும் வேண்டாம். லீவை ரத்து செய்துவிடுங்கள்.

காரடையான் நோன்புக் கயிற்றை ரயிலிலேயே கட்டிக்கொள்வேன், உங்கள் ஆயுசுக்காகத்தான். மார்ச் 15 காலை மதராஸ் மெயிலில் அண்ணாவோடு ஹவுராவில் இறங்குகிறேன். நீங்கள் வராவிட்டால் அண்ணாவோடு அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவேன். ஆனால் அதற்குப் பிறகு விதவைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். எழுதினால் பத்திரிகைக்கு நான் பதில் எழுதுவேன்.

பாகீரதி


பெஹாலா, கல்கத்தா
மார்ச் 4

அன்புள்ள பாகீரதிக்கு,

கோபமாக இருந்தேன். இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு கல்லுக்கு உன் பின்னலைக் கொடுத்தாயே, என்னைக் கேட்டாயா என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். என் தலை எனக்குச் சொந்தம் என்று உனக்கு எழுதியவன் நான்தான் என்பது பிறகு உறைத்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

"சமாதானமாப் போயிடலாம்டா, ஒரு முக்காடு போட்டுண்டு வரச் சொல்லேன்" என்றான் அனந்தகிருஷ்ணன். அவன் சொல்வதற்கு முன்பே எனக்கும் அதே யோசனை வந்திருந்தது. அவன் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது. முடியாது என்றேன். பேசியிருந்த மாடியறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்து, நான் சாப்பிடும் மெஸ்ஸில் என்னோடு பந்தியில் உட்கார இரண்டு பேர் யோசிக்கிறார்கள், யோசிக்கட்டும். பெஹாலாவில் ஒரு வங்காளி வீட்டில் இரண்டு அறை கிடைத்தது. டிராமை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் பௌதி என்று கூப்பிடுகிறார்கள், வங்காளியில் மன்னி என்று அர்த்தம். வருகிற பெண்ணுக்குத் தலையில் முடியில்லை என்றதும், "ஐயோ, விதவையா?" என்று கேட்டாள். "புருஷன் நான்தான், உயிரோடுதான் இருக்கிறேன்" என்றேன். அறையைக் கழுவித் தருவதாகச் சொல்லிப் போனாள்.

சுவாமி இல்லை என்பதில் எனக்கு மாற்றமில்லை. உனக்கும் இருக்காது. அந்த வங்காளிப் பிள்ளை விஷயத்தை நான் கிழவனாகும்வரை உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். கிராப்பும் அப்படியேதான் இருக்கிறது. வேண்டுமானால் நீயும் தினம் அதைப் பார்த்துக் கேலி செய். அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், என் மனைவிக்கு வாசல் இல்லாத வீட்டில் எனக்கும் வாசல் வேண்டாம் என்று.

ஹவுராவுக்கு வருகிறேன். அண்ணாவுக்கும் பெட்டிகளுக்கும் மட்டும் ஒரு வண்டி பேசியிருக்கிறேன். திரை போட்ட வண்டியில் உன்னை ஒளித்து அழைத்துவர மாட்டேன். நாம் நடந்துதான் வரப்போகிறோம். காலை வேளையில் ஹவுரா பாலத்தில் இந்த ஊரே நடக்கும், எங்கள் ஆபீஸ்காரர்களில் பாதிப் பேர் உட்பட. பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். நீ எனக்குப் பின்னால் வராதே. பக்கத்தில் நட.

உன்
வைத்தீஸ்வரன்