பலகை மேடைக்குக் கீழே ஒரு கட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூர்
1937 அக்டோபர் 24, ஞாயிறு

பிரியமுள்ள தம்பி நேசையனுக்கு,

செல்லத்தாயின் அக்காள் ஞானரத்தினம் எழுதிக்கொள்வது. ரங்கூனில் நீங்கள் சுகமாயிருப்பதை உங்கள் கடிதத்தில் கண்டு கர்த்தரைத் துதிக்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுத மனம் வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பலகை மேடை ஒழுகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று நான்கு தாள் எழுதி, படமும் வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். இது மூன்றாவது படம். மரக் கம்பெனியில் பதினான்கு வருஷம் இருப்பவருக்குப் பலகையைப் பற்றித் தெரியாது என்று நான் சொல்லவில்லை. இந்த ஊர் வெயிலைப் பற்றி நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது, செண்பகத்தோப்பு மலையைப் பார்த்துக்கொண்டு காற்று வாங்குவதற்கென்று வீட்டின் பின்புறம் எட்டடி உயரத்தில் அந்த மேடையைக் கட்டினீர்கள். ஒரு மாதம் உட்கார்ந்தீர்கள். அதன் கீழே உள்ள இடத்துக்கு உபயோகம் வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. உங்கள் மனைவி செல்லத்தாய்க்கு க்ஷயம் என்று தெரிந்ததும் ராஜபாளையத்து டாக்டர் வீடு முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு, அறைக்குள் போடக்கூடாது, மூன்று பக்கமும் காற்று வரும் இந்த இடம்தான் சரி, ஆனால் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது என்று கட்டிலை அங்கே போடச் சொன்னார். மழைக்காலத்தை இவள் தாண்டுவது அதில்தான் இருக்கிறது என்றார்.

முதலில் நீங்கள் எழுதியபடியே தார் காய்ச்சிப் பூசினோம். அன்று மத்தியானமே வெயிலில் இளகி, பலகை இடுக்கு வழியாக அவள் நெற்றியிலும் தலையணையிலும் சொட்டியது. மண்ணெண்ணெய் தொட்டு நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் சிரிக்கிறாள். “எங்க அத்தான் ரங்கூன்ல இருந்துக்கிட்டே எனக்குப் பொட்டு வச்சுவிட்டிருக்காவ” என்று, நமக்குத் தண்ணீர் எடுக்கும் அய்யம்மாளிடம் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது மடவார் வளாகத்துக் கொத்தனார் பொன்னுராஜ். மச்சுக்குப் போடுவது போலச் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் போட்டு, நான்கு பெண்களை வைத்துக் கட்டையால் அடித்து இறுக்கினார். கட்டை விழுந்த இடமெல்லாம் பலகை துள்ளியது. மூன்றாம் நாள் தளம் பாளம் பாளமாக வெடித்தது. கருப்பட்டிக்கு வந்த எறும்பு தூண் வழியாகக் கட்டிலுக்கு இறங்கியது. அம்புட்டுதான்.

பிறகு கயிற்றுக்கடை சேக் முகைதீன் யோசனை சொன்னார். அவருடைய மாமா மதார் சாகிப் குலசேகரன்பட்டினத்தில் தோணிகளுக்குப் பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்துப் போடுகிறவர். கடலையே உள்ளே விடாத கை, இந்த மழையையா விடும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. பெரியவர் வந்து நான்கு நாள் தங்கி, எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை ஒவ்வொரு இடுக்கிலும் உளி வைத்து அடித்து, மேலே குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். இருபது குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு இல்லை. எதையும் லேசில் நம்பாத நான் நம்பினேன்.

பதினைந்து நாள் நல்ல வெயில். பலகை சுருங்கித் திரியெல்லாம் கழன்று தொங்க ஆரம்பித்தது. அடுத்த மழையில் அவள் முழுதாக நனைந்தாள். அன்று வந்த காய்ச்சல் எட்டு நாள் விடவில்லை. ஆள் அனுப்பியதும் பெரியவர் பாவம் ஓடிவந்தார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கோபித்தார். “என்னம்மா, காயவா போட்டிய? தோணி தண்ணியிலேயே கிடக்கும், பலகை ஊதிக்கிட்டு இருக்கும், அதனாலதான் திரி நிக்கிது. தெனம் நனைச்சுக்கிட்டே இருக்கணும்லா.” பௌதிகத்தில் பட்டம் வாங்கி இருபத்து நான்கு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவள் நான். கடலில் கிடப்பதற்கும் காய்ந்து கிடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆகவே கீழே இருப்பவள் நனையாமலிருக்க மேலே தண்ணீர் ஊற்றத் தொடங்கினோம். காலையில் எட்டுக் குடம், சாயங்காலம் எட்டுக் குடம். ஏணியில் சுமந்து ஏறியவள் அய்யம்மாள். ஆறாம் நாள் அவள் குடத்தை வைத்துவிட்டு, “டீச்சரம்மா, இம்புட்டுத் தண்ணியைக் கத்தரிக்கு ஊத்தியிருந்தா காயாவது பறிச்சிருக்கலாம். மேல அடைக்கறதை விடுங்க. கீழ சரிவா ஒரு தகரத்தைக் கட்டுங்க. ஒழுகுதது ஒழுகட்டும், அது தோட்டத்துக்குப் போவும்” என்றாள். நானும், கொத்தனாரும், கலப்பத்துக்காரரும், ரங்கூன் மரக் கம்பெனியும் மூன்று மாதமாக யோசிக்காததை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

ராஜபாளையத்திலிருந்து தகரம் வந்தது. தனுஷ்கோடி ஆசாரி ஒரே நாளில் விட்டத்தின் அடியில் சரிவாக அடித்து முடித்தார். புதனும் வியாழனும் நல்ல மழை. செல்லத்தாய் காய்ந்த படுக்கையில் படுத்துத் தகரத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். தகரத்தைப் பார்த்து மெச்சினார். அவள் மார்பைப் பரிசோதித்துவிட்டு எழுந்தார். வாசலில் வைத்து என்னிடம், இடது பக்கம் மிகவும் கெட்டுவிட்டது, கிறிஸ்துமஸைத் தாண்டினால் பார்க்கலாம் என்றார். அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் படங்களை எடுத்துக் காட்டி, “அவிய எம்புட்டு யோசிச்சு எழுதியிருக்காவ பாருங்க” என்கிறாள்.

தம்பி, மேடை ஒழுகுவது நின்றுவிட்டது. இனி அதைப் பற்றி நீங்கள் எழுதுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. லீவு கிடைக்கவில்லை என்று மூன்று முறை எழுதிவிட்டீர்கள். அதை நான் நம்பவில்லை. நம்பாததற்காக உங்களை வெறுக்கவுமில்லை. இந்த நோய்க்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. தினமும் அவள் பாத்திரத்தைக் கழுவும்போது எனக்கும் பயம் வருகிறது. வெளிக்காற்றில் ஆறடி தள்ளி உட்காருகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்கிறார். உங்களுக்கு எட்டடி தள்ளியே நாற்காலி போடுகிறேன். தொட வேண்டாம். அவள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

கப்பலேறும் தேதியைத் தந்தியில் தெரிவியுங்கள். அதை அவளே பிரித்துப் படிக்கட்டும். கர்த்தர் உங்களுக்குத் தைரியத்தைத் தந்து, காலத்தோடு கரை சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மேல் இன்னும் பிரியமுள்ள அக்காள்,
ஞானரத்தினம்