பன்னிரண்டாவது பிரேம்

என் அருமை மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதலாம் என்று பார்த்தால், நேற்றுத்தான் போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாய், அதனால் பொய் எழுத மனம் வரவில்லை. வெந்நீர் குடி, ஈரத் தலையோடு அந்த பிஸ்கட் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார், அவர் விட்டால் நீ சிக்னல் இல்லை அம்மா என்கிறாய், நான் திட்ட ஆரம்பித்தால் மட்டும் போகிற சிக்னல் அது. காகிதம் என்றால் வாயை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும், பெரிய படிப்புக்குப் போகப்போகிறவள் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நம் போட்டோ பிரேம் கடையை அடகு வைத்து உன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்க நீ கையெழுத்துக்கு அனுப்பிய காகிதங்கள் வந்து சேர்ந்தன. கடை என் பேரில் இருப்பதால் உன் அப்பா கையெழுத்து செல்லாது என்று பேங்கில் சொன்னதிலிருந்து அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, இல்லாவிட்டால் மனுஷர் வேன் ஓட்டிக்கொண்டே போட்டிருப்பார். அதற்குப் பதிலாக ஒரு பெட்டி வாங்கிவந்துவிட்டார். நாலு சக்கரம், விரலால் தொட்டால் தானாக ஓடுமாம். நம் வீட்டில் ஓடுவதற்கு எங்கே இடம் இருக்கிறது, கதவிலிருந்து தள்ளினால் கட்டிலில் போய் இடித்து நிற்கிறது. நீ இன்னும் கிளம்பவில்லை, பெட்டி மட்டும் தினமும் பயணம் போய்வருகிறது. காலையில் அதன்மேல் உட்கார்ந்துதான் ஷூ போட்டுக்கொள்கிறார், வேனில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் என் பெண் வெளிநாடு போகிறாள் என்று சொல்லிச் சொல்லி, போன வாரம் ஒருவரை இறக்கிவிட வேண்டிய இடத்தையே தாண்டிப் போய்விட்டாராம்.

அவரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று நானே அந்த வெளிநாட்டுப் படிப்பு ஆபீசுக்குப் போனேன். உள்ளே ஒரே குளிர், காய்கறி வைத்தால் பத்து நாள் கெடாது. டை கட்டிய ஒரு ஆள், சின்னக் குழந்தை குடிக்கிற அளவுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னான். என் பெண்ணுக்கு என்ன படிப்பு என்று கேட்டேன், மேலாண்மை என்றான். என் பெண் மாவை மோந்து பார்த்தே கெட்டதா நல்லதா என்று சொல்லிவிடுவாள், சாப்பாட்டுப் பொருள் எப்படிக் கெடுகிறது என்று படிக்கப் போகிறேன் என்றுதானே என்னிடம் சொன்னாள் என்றேன். அதற்கு இடம் குறைவாம், இது சுலபமாகக் கிடைக்குமாம், நீயும் சரி என்று சொல்லிவிட்டாயாம். படிப்பு எதுவா இருந்தா என்னம்மா, போய்ச் சேர்றதுதான் முக்கியம் என்கிறான். பஸ் கண்டக்டர்கூட எங்கே இறங்கணும் என்று கேட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். அங்கே போய் என்னதான் கற்றுக்கொள்வாள் என்று மறுபடியும் கேட்டேன், கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு கட்டடமும் சுற்றிலும் புல்லும் காட்டினான். புல் நன்றாகத்தான் இருந்தது, நான் மாடாகப் பிறந்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எனக்கு பிரேம் கடை இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னது வினையாகப் போயிற்று. மூன்றாம் நாள் அவன் ஆபீஸ் பெண் ஒரு கவரோடு வந்தாள். அவர்கள் மூலமாக வெளிநாடு போய் ஜெயித்தவர்கள் போட்டோவாம், பன்னிரண்டு, ஆபீஸ் சுவரில் மாட்ட பிரேம் போட்டுத் தர வேண்டுமாம். வேலை வேலைதானே என்று கண்ணாடி வெட்ட உட்கார்ந்தேன். ஒன்பதாவது போட்டோ நம் பக்கத்துக் கடை தையல்காரம்மா பையன். அவன் திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது, எதிர் வரிசையில் போன் உறை விற்கிறான். அவன் பட்டத்துக்கு நான் பிரேம் போட்டு மூன்றாவது ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன், வாங்கிப்போக இன்றுவரை வரவில்லை. நம் கடை வந்ததும் ரோட்டின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறான், எங்கே பட்டம் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுமோ என்று பயம்போல. பாவம், அவனும் அந்த டைக்காரக் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கினவன்தான். பன்னிரண்டாவதை எடுத்தேன், நீ. விண்ணப்பத்தோடு நீ கொடுத்த அதே போட்டோ, ஒரு காது மட்டும் தெரியும், கீழே அச்சடித்த சீட்டு, வாழ்த்துகள், வெளிநாட்டு மேலாண்மை மாணவி என்று. நான் இன்னும் காகிதத்தில் பேனாவே வைக்கவில்லை, அதற்குள் அவன் உன்னை அனுப்பி, ஜெயிக்க வைத்து, சுவரிலும் ஏற்றப்பார்க்கிறான். இருபது வருஷத்தில் கண்ணாடி என் கையில் கோணலாக உடைந்தது அன்றைக்குத்தான். இது என் பெண் என்றேன். காத்திருந்த ஆபீஸ் பெண் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள், "சார் எல்லார் போட்டோவையும் போறதுக்கு முன்னாடியே மாட்டிடுவாருக்கா. சுவத்தைப் பார்த்தாத்தான் அடுத்தவங்க பணம் கட்டுவாங்க."

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே அம்மாவுக்கு இளக்காரம் என்று நினைக்காதே, இளக்காரம்தான், ஆனால் ஒரு பட்டத்துக்கு மரியாதை வைத்திருக்கிறேன். குடிதண்ணீர் சோதனை செய்கிற ஆபீசர் அம்மா ஒருவர் தன் குழந்தை வரைந்த படத்துக்கு பிரேம் போட வந்தார். நீங்களும் வெளியே போய்ப் படித்தவராமே, பட்டத்தை ஏன் என்னிடம் கொண்டுவரவில்லை என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்து, பீரோவில் ஏதோ பைலில் இருக்கணும் என்றார். பட்டத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துபோன ஒருத்தியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தண்ணீரில் இருக்கும் விஷத்தைக் கண்டுபிடிக்க வழி சொன்ன ஒருவர் அங்கே இருந்தாராம், அவரிடம் கற்றுக்கொள்ளத்தான் போனாராம், வட்டி கட்டியே முதுகு ஒடிந்ததாம், இருந்தாலும் மறுபடி போகச் சொன்னால் போவாராம். உன் கதையைச் சொன்னேன். "யார்கிட்ட படிக்கப் போறேன்னு உங்க பொண்ணைக் கேளுங்க. ஊர் பேரைச் சொன்னா அனுப்பாதீங்க. ஆள் பேரைச் சொன்னா கடையை வித்தாவது அனுப்புங்க" என்றார்.

அதனால் கேட்கிறேன். உனக்கு ஆசை எங்கே பிறந்தது என்று தெரியாதவள் இல்லை நான். வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்து உன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அந்த மேனேஜர், புளித்த மாவுக்கும் நல்ல மாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் நீ மாவைச் சோதித்து எழுதும் குறிப்பில் கையெழுத்துப் போடுகிறான், அது உனக்கு எரிகிறது. எரியட்டும், எனக்கும் எரிகிறது. ஆனால் அவனைப் போல ஆவதற்கா ஒரு கடையைக் கொடுப்பார்கள்? அவன் இலவசமாகவே அப்படித்தான் இருந்திருப்பான்.

பிரேம்களை அனுப்பிவிட்டேன். பதினொன்றில் போட்டோ, பன்னிரண்டாவதில் வெறும் அட்டையும் கண்ணாடியும். டைக்காரன் போன் செய்து ஒரு போட்டோ விழுந்துவிட்டது என்றான். விழலைங்க, அந்தப் பொண்ணு இன்னும் எங்கயும் போகலை என்று சொல்லி வைத்துவிட்டேன். வரிசை கெடக்கூடாது என்று அதையும் மாட்டிவைத்திருக்கிறானாம், வருகிறவர்கள் பதினொன்றை விட்டுவிட்டு அது யார் என்றுதான் கேட்கிறார்களாம், ஆபீஸ் பெண் வந்து சொல்லிச் சிரித்தாள்.

உன் காகிதங்களும் போட்டோவும் கண்ணாடி வெட்டும் மேசையில், பேனாவுக்குக் கீழே இருக்கின்றன. அங்கே யாரிடம் போய் என்ன கற்கப்போகிறாய் என்று ஒரு பேரும் ஒரு வரியும் எழுதி அனுப்பு, அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன், ஒரு வார்த்தை முனக மாட்டேன். எழுத முடியவில்லை என்றாலும் வெட்கப்படாதே, நல்ல கெட்டிக் காகிதம், ஏதாவது ஒரு பிரேமுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் உன் அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். பெட்டியை ஒரு தடவை கதவு வரைக்கும் உருட்டிப் பார்த்துவிட்டு, அப்ப பெட்டியைத் திருப்பிக் குடுத்துடவா என்று கேட்டார். வேண்டாம், எப்படியானாலும் அவள் லீவுக்கு வீட்டுக்கு வர ஒரு பெட்டி வேண்டும் என்றேன். உடனே துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ நூறு வயது நன்றாக இரு, நினைத்தது கைகூடட்டும், முதலில் எதை நினைக்கிறாய் என்று தெரிந்துகொள். சளிக்கு மருந்து வாங்கியதைப் போனில் சொல், மற்றதைக் காகிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் போட்டோவை யாருக்கும் கொடுக்காத
அம்மா