எத்தனை நாள் இருப்பீங்க?

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

நான் நலம். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து நீ போட்ட சீர்திருத்தத்தின் நலம்தான் சுமார். ‘ஒரு குடும்பம், ஒரு மருத்துவர்’ என்ற பலகை எனக்கு முன்பே இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, பாதி வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கணினி வந்துவிட்டது, சொருகப் பிளக் பாயின்ட் இல்லை. இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டாய். ரத்தப் பரிசோதனை செய்கிறவர் நாலு மணிக்கே செருப்பை மாட்டிவிடுகிறார். என் வெள்ளைக் கோட்கூட முந்தைய டாக்டர் விட்டுப்போனதுதான். என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம்.

இதையெல்லாம் சமாளித்துவிடுவேன். எதிர்க்கடைத் தையல்காரம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவருக்குச் சர்க்கரை. மாத்திரை எழுதப் போனால், “முதல்ல இருந்தவரு வெள்ளை மாத்திரை குடுத்தாரு. அடுத்து வந்தவங்க அதை நிறுத்திட்டு மஞ்சள் குடுத்தாங்க. நீங்க என்ன கலரு? எத்தனை நாள் இருப்பீங்க?” என்கிறார். இங்கே எல்லோரும் நோயைச் சொல்வதற்கு முன் இதைத்தான் கேட்கிறார்கள்.

உன்
வாலு

பிப்ரவரி 16

அன்புத் தங்கைக்கு,

பிளக்குக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் திட்டம் வாங்குவது சுலபம், பிளக் வாங்குவதுதான் கல்லில் நார் உரிக்கிற வேலை.

அந்தக் கேள்வி எனக்கும் தெரியும். அதற்காகத்தான் ஒரு டாக்டர் ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று விதியில் சேர்த்தேன். அந்த ஒரு வரிக்காக எத்தனை பேரோடு மல்லுக்கட்டினேன் தெரியுமா? தைரியமாக ‘அஞ்சு வருஷம்’ என்று சொல்.

அம்மாவுக்கு எந்நேரமும் உன் புராணம்தான். “அவ சாப்பிட்டாளோ என்னவோ” என்று என் தட்டைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்குச் சோறு இறங்குவேனா என்கிறது.

அன்புடன்
அண்ணன்

மார்ச் 21

அண்ணா,

நீ சொன்னபடியே சொன்னேன். தையல்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுவாரம் வந்து கதவைச் சாத்திவிட்டு, சேலையை விலக்கி வலது காலைக் காட்டினார். சுண்டுவிரலில் புண். மெஷின் மிதிக்கிற கால். யாரிடமும் காட்டவில்லையாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றிக்கொள்கிறார். புண் ஆறுகிறது, அண்ணா! அவரைப் பார்த்து அந்தத் தெருவே வர ஆரம்பித்திருக்கிறது. பலகையை நகர்த்தி வைத்துவிட்டேன்.

உன்
வாலு

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

நல்ல செய்தி. உன்னை இங்கே, தலைமை அலுவலகத்துக்கே மாற்றி உத்தரவு வாங்கிவிட்டேன். அம்மாவுக்காகத்தான் போய்க் கேட்டேன். மாடி அறையை அவளே பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். நகல் உங்கள் நிலையத்துக்கு வந்திருக்கும். சீக்கிரம் மூட்டை கட்டு.

அண்ணன்

ஏப்ரல் 24

அண்ணா,

உன் நகல் எனக்கு முன்னால் கம்பவுண்டர் கைக்குப் போனது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தையல்காரம்மா வரவில்லை. கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்தாமலே, “போறவங்ககிட்ட என்னத்தைக் காட்டறது?” என்றார். நான் போகப் போவதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. உத்தரவு சுவரில் ஒட்டியிருக்கும்போது யார்தான் நம்புவார்கள்?

ஊருக்கெல்லாம் ஐந்து வருடம், உன் தங்கைக்கு மட்டும் மூன்று மாதமா? அம்மாவைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அதற்காக இதைச் செய்வாயா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ரத்து செய்.

தங்கை

மே 6

அன்புத் தங்கைக்கு,

ரத்தாகிவிட்டது. எங்கள் துறை இயக்குநர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “விதி போட்டதும் நீங்க, அதுல ஓட்டை போட்டதும் நீங்க. இப்ப அடைக்க வந்ததும் நீங்களா?” என்றார். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ‘ஆமாம் சார்’ என்றேன். அம்மா என்னோடு பேசுவதில்லை.

அந்தம்மா கால் எப்படி இருக்கிறது? தயவுசெய்து எழுது.

அண்ணன்

மே 20

அன்புள்ள அண்ணா,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். ரத்து வருவதற்குள் புண் முற்றிவிட்டது. காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. நாளாகும்.

நேற்று அவர் கட்டு மாற்ற வந்தார். கம்பைப் பிடித்துக்கொண்டு தானாகவே தெருவைக் கடந்து வந்தார். நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, என் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

“திரும்பி நில்லுங்க. இதைப் போட்டுட்டு எப்படித்தான் நடமாடறீங்களோ? கெட்டித் துணியா எடுத்து வச்சிருக்கேன். அஞ்சு வருஷம் தாராளமா உழைக்கும்.”

திரும்பி நின்றேன். நல்லவேளை, அவருக்கு என் முகம் தெரியவில்லை.

மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடுங்கள். அம்மாவிடம் இதை நீயே சொல்லிவிடு.

உன்
வாலு