அம்மா தண்ணீருக்கு அடியில் மூச்சு விட்ட ஞாயிறு

என் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுநடுவே சிரிப்பாய், எனக்குப் பாதி விஷயம் விட்டுப்போகும். இதில் ஒரு சொட்டுகூட விட்டுப்போகக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா தண்ணீருக்கு அடியில் போய் மூச்சு விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நிஜமாகத்தான் சொல்கிறேன், வேண்டுமானால் அப்பாவைக் கேள்.

முதலில் நீ அன்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உன் ஆபீஸ் பெண் லீவுக்குக் கடலடியில் நீந்தப் போனாள், அந்தச் சாமானெல்லாம் யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள் என்று உன்னைக் கேட்டாள், உனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றாயே. பெட்டியின் மேல் பளபளவென்று போட்டிருக்கும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதுகில் மாட்டும் சிலிண்டர் ஒரு ஊரிலிருந்து வரும், காற்றுக் குழாய் வேறொரு நாட்டிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும், உடம்போடு ஒட்டிக்கொள்ளும் அந்த ரப்பர் உடுப்பை எங்கள் தொழிற்சாலையின் எதிர்க் கட்டடத்துப் பெண்கள் தைக்கிறார்கள். வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற கருவி மட்டும் முழுக்க எங்கள் கூடத்தில்தான். பித்தளையைக் கடைந்து தருவது லேத் பட்டறை அண்ணன், சட்டை எப்போதும் எண்ணெயில் நனைந்தே இருப்பதால் அவருக்கு எண்ணெய் அண்ணன் என்றே பெயர். அதற்குள் சுண்டு விரல் நீளம்கூட இல்லாத ஒரு லீவரைப் பொருத்தி, உயரம் சரிபார்ப்பது நான். அடுத்த மேஜையில் அதன் மேல் மெல்லிய வட்ட ரப்பர் ஒன்றை உட்கார வைத்து மூடுவார்கள். மூச்சை இழுத்தால் அந்த ரப்பர் உள்ளே வளைந்து என் லீவரை அழுத்தும், உடனே காற்று வரும், அவ்வளவுதான் சங்கதி. அந்த அடுத்த மேஜைக்காரி வேறு யாரும் இல்லை, உன்னைத் தன் மகனுக்குக் கேட்டாளே, அவளேதான். நீ இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி விமானம் ஏறியதிலிருந்து அவள் என்னோடு பேசுவதே இல்லை. நான் முடித்து வைத்த சாமான் தட்டை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்வாள், முகத்தை நிமிர்த்த மாட்டாள். நானும் வீம்பில் குறைந்தவளா, நானும் பேசவில்லை. உன்னிடம் சொன்னால் மனசைப் போட்டு வருத்திக்கொள்வாய் என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.

இப்படி இருக்கும்போது எங்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து முங்கு நீச்சல் சொல்லித்தரும் ஒரு டீச்சர் வந்தாள். உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், குரல் மட்டும் ஹெட்மாஸ்டர் குரல். கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி, உங்கள்ல யாராவது இதை வாயில வெச்சுப் பாத்திருக்கீங்களா என்று கேட்டாள். யாரும் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நகராட்சி நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்திருக்கேன், யார் வர்றீங்க என்றாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, என் கை தானாக மேலே போய்விட்டது. சூப்பர்வைசர், அக்கா உங்களுக்கு நீச்சலே தெரியாதே என்றார். நீந்தச் சொல்லலையே, மூச்சு விடத்தானே சொன்னாங்க, அது தெரியும் என்றேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, தாராளமாகப் போகலாம் என்றார். அப்பாதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

குளத்துக்குப் போனால் எங்கள் கூடமே திரண்டு வந்திருந்தது, வேடிக்கை பார்க்கத்தான், இறங்க இல்லை. அடுத்த மேஜைக்காரியும் வந்திருந்தாள், கடைசி பெஞ்சில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ரப்பர் உடுப்பை எனக்கு மாட்டிவிடத் தையல்காரப் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்காதே, தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிக்கிற கதைதான். கருவியை வாயில் கடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டேன், பழக்க தோஷத்தில் மூக்கால் இழுத்துவிட்டேன், மூக்கையும் சேர்த்து மூடுகிற நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, இருமிக்கொண்டு எழுந்தேன். போதும் வா என்று அப்பா கத்தினார். டீச்சர் என் தோளைப் பிடித்து, மூக்கை மறந்துடுங்கம்மா, வாயால மெதுவா என்றாள். எனக்குத் திரும்பிவிடத்தான் தோன்றியது, ஆனால் இத்தனை வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பி வைத்துவிட்டு, நம் சாமானை நாமே நம்பாவிட்டால் எப்படி என்று ரோஷம் வந்துவிட்டது. மறுபடி முங்கினேன். இழுத்தேன். காற்று வந்தது குட்டி. ஒரு ஸ்ஸ் என்ற சத்தம், பிறகு காதோரமாகக் குமிழிகள் கடகடவென்று மேலே ஓடின. இன்னொரு முறை இழுத்தேன், மறுபடியும் வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, வாயில் அதைக் கடித்துக்கொண்டு இரண்டுமே முடியாது, தெரிந்துகொள்.

அப்புறம் டீச்சர் என் கையைப் பிடித்து ஆழமான பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். அடியில் உட்கார்ந்து மேலே பார்த்தால் எல்லாருடைய முகமும் நெளிந்து நெளிந்து தெரிகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த அடுத்த மேஜைக்காரி வைத்த ரப்பர்தான் வளைந்து கொடுக்கிறது. என் முகத்தைப் பார்க்காதவள், என் மேல் கோபமாக இருந்த ஒரு நாளில்கூட வேலையில் குறை வைக்கவில்லை. குறை வைத்திருந்தால் நான் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. எத்தனை நேரம் இருந்தேன் என்று தெரியாது, டீச்சர் கட்டை விரலை மேலே காட்டி ஏறச் சொன்னபோதுதான் கிளம்பினேன்.

ஏணியைப் பிடித்து ஏறும்போது ஒரு கை நீண்டது. அவள் கை. பெஞ்சிலிருந்து எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. மூச்சு எப்படி வந்துச்சு என்று கேட்டாள். நான் இழுக்கணும்னு நினைக்கறதுக்குள்ள வந்துடுச்சு என்றேன். லேசாவா இறுக்கமாவா என்றாள். லேசா, ரொம்ப லேசா என்றேன். அவள் நேராக டீச்சரிடம் போய், எனக்கும் ஒரு உடுப்பு குடும்மா என்றாள். அவள் இறங்கியதும் நான் குளத்தின் கரையிலேயே குந்திக்கொண்டு குமிழி வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு இறங்கும்போது இல்லாத பயம் அப்போது வந்தது. மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியவள் முதலில் கேட்டது உன்னைத்தான். அங்க குளிர் ஜாஸ்தியாமே, உன் மகளுக்கு ஒத்துக்குதா என்றாள். இத்தனை நாளும் உன்னைப் பற்றி யாரிடமோ விசாரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதல்லவா, மருமகள் இப்போது ஆறு மாதமாம், அதையும் சொன்னாள், உன்னிடம் சொல்லச் சொன்னாள். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு குளத்துக்காரர் விளக்கை அணைக்கிறேன் என்று மிரட்டும் வரை பேசினோம்.

அடுத்த மாதம் கடலுக்கே கூட்டிப்போகிறாளாம் டீச்சர். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடலுக்கடியில் உன் கூட யார் இருப்பாங்க என்று அப்பா கேட்டார். சம்பந்தி ஆகாமல் போனவள் என்றேன். அவர் அரை மணி நேரம் சிரித்தார்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் உடம்பும் மனசும் லேசாக இருந்து, நினைத்ததெல்லாம் கைகூடி நல்லபடியாக வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டச் சொன்னேனே, காட்டினாயா, தள்ளிப் போடாதே. அடுத்த மேஜைக்காரிக்கும் இரண்டு வரி தனியாக எழுது, சந்தோஷப்படுவாள்.

இப்படிக்கு,
காதிலிருந்து இன்னும் தண்ணீர் போகாத
உன் அம்மா