இடது பக்கம் சாய்ந்து

ஒக். 13, திங்கள்

காலையில் வெயில், மத்தியானம் இடியும் மழையும். மாத்தளை கிளினிக். டொக்டர் பழைய பாட்டுத்தான்: வலது இடுப்பு தேய்ந்தது தேய்ந்ததுதான், தறியில் உட்காருவதை விட்டுவிட வேண்டும். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். தறியில் உட்காராத நெசவு டீச்சர் யாருக்கு வேணும்? உக்குவளை நெசவு நிலையத்தில் என்னிடம் படிக்கும் மூன்று பேருக்கும் இந்த வலி தெரியாது. தெரியவும் கூடாது.

வாங்க: தைலம், பாண், டோர்ச் பற்றரி.

ஒக். 14, செவ்.

உக்குவளை பஸ். வலது காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்தேன். கண்டக்டர் அவசரப்படுத்தினான். பல்லைக் காட்டிச் சமாளித்தேன்.

படிக்கும் மூவரில் நஸீமா ராத்தா பிந்தி வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்த அக்கா, ஆனாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "இடுப்பு புடிச்சிக்கிச்சு டீச்சர். சுஜூதுக்குக் குனிய ஏலாம இருக்கு. கதிரைல இருந்துதான் தொழுறேன்."

எந்தப் பக்கம் என்றேன். இடது. வயதாகிறது ராத்தா என்று கேலி செய்தேன். என் தைலத்தில் பாதி கொடுத்தேன்.

ஒக். 16, வியா.

நேற்று எழும்பவே முடியவில்லை. இன்றும் பிந்தித்தான் போனேன். நான் இல்லாமலே வேலை தொடங்கியிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தேன். மூவரும் ஒன்றாக நெய்வதைத் தூரத்தில் நின்று பார்த்ததே இல்லை. எப்போதும் ஒரு தறிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன், இல்லாவிட்டால் என் தறியில்.

மூவரும் இடது பக்கம் சாய்ந்து. வலது கால் சும்மா. இரண்டு மிதிக்கட்டையையும் இடது காலாலேயே மாறி மாறி மிதிக்கிறார்கள். நூலை நெருக்க அச்சை இழுத்து அடிக்கும் முன்பு மூச்சைப் பிடித்துக் கீழுதட்டைக் கடிக்கிறார்கள். நூலைக் கொண்டு போகும் நாடா மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

அது நெசவு இல்லை. அது என் வலி. நல்ல கால் உள்ள மூன்று பெண்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறார்கள்.

வலது காலுக்கு என்ன என்று ராத்தாவிடம் கேட்டேன்.

"நீங்க அப்புடித்தானே மிதிப்பீங்க? நூல் அறாம இருக்க அதான் முறைன்னு நெனச்சேன்."

அடுத்த தறியில் இருந்த செல்வி சிரித்தாள். "ஒதட்டக் கடிக்க மறந்தா டீச்சர் ஏசுவீங்களோன்னு எனக்குப் பயம்."

நூல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ராத்தாவின் இடுப்பைக் கெடுத்தது நான்.

ஒக். 17, வெள்ளி

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ராத்தா ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏசவில்லை.

செல்விதான் கேட்டாள்: "அப்ப சரியா எப்புடி மிதிக்கிறது? ஒருக்கா காட்டுங்க டீச்சர்."

உட்கார்ந்தேன். முதுகு நேராக. வலது கால், அடி. இடது கால், அடி. திரும்ப வலது. தொடையிலிருந்து குதிகால் வரை நெருப்பு. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, அதையும் படித்துவிடுவார்களே. மற்ற இருவரும் என் காலைப் பார்த்தார்கள். ராத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் தங்கச்சி, எழும்புங்க."

டீச்சர் இல்லை. தங்கச்சி.

ஒக். 21, செவ்.

சனி, ஞாயிறு படுக்கை. நேற்று தீபாவளி லீவு, அதுவும் படுக்கை. மழை விட்டபாடில்லை.

என் தறியை ராத்தாவிடம் கொடுத்துவிட்டேன். பாவில் நான் நெய்த பாதிச் சேலை நிற்கிறது. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்தால் கை மாறிய இடத்தில் ஒரு கோடு விழும், கடைக்காரன் குறை சொல்வான். சொல்லட்டும். ராத்தாவுக்கு இன்னும் குனிய முடியாது, ஆனால் வலது காலால் மிதிக்கிறார். தடுமாறினால் திரும்பி என்னைப் பார்க்கிறார். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சொல்கிறேன்: வலது, இடது, மூச்சை விடுங்க ராத்தா.

பதினொரு மணிபோல அவர் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மிதியும் அடியும் ஒரே சீராக விழுந்தன. அந்தத் தறியில் அப்படிச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம். நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. கண் கலங்கியது. செல்வி பார்த்துவிட்டாள், கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்தேன்.