வண்டிப்புரையில் மூன்று சனிக்கிழமை

1955 அக்டோபர் 1, சனி

நான் முன்னமே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுவண்டி ஓய்ந்து லாரி வரும் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னேயே சுசீந்திரம் பஸ் நிற்கும் இடத்தில் வைத்துச் சொன்னவன் இந்தக் கோலப்பன். அன்று சிரித்தார்கள். இன்று என் தங்கை பார்வதியம்மாள் வீட்டு வண்டிப்புரையில், நாலு வண்டி நின்ற இடத்தில் ஒரே ஒரு பழைய வண்டி கிடக்கிறது. காலி இடத்தில் பாட்டு வந்து குடியேறும் என்றும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பது மறந்துபோயிற்று. ஆனால் சொன்னேன்.

குடியேறவும் செய்தது. சைக்கிள் கடை இஸ்ரவேல் வீட்டில் ஆர்மோனியத்தை எடுத்தால் அவன் பெண்டாட்டி அடுப்பை விட்டு எழுந்து போய்விடுகிறாள். அதனால் ஆடி மாதம் முதல் சாயங்காலந்தோறும் புரையில் வந்து வாசிக்கிறான். கேட்க நாலு பேர் வருகிறார்கள். என்னை "மானேஜர்" என்கிறார்கள். நாலாம் கிளாசோடு நின்றவனை வேறு யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள்.

அதற்கு இன்று கேடு வந்தது. கோட்டாற்றிலிருந்து ஓர் உர வியாபாரி வந்தான். எலும்புப்பொடி மூட்டை அடுக்கப் புரையைக் கேட்டான். புரை தங்கையின் புருஷன் வள்ளிநாயகத்துக்குச் சொந்தம். அவர் தலையை ஆட்டப் போகிற நேரம் நான் குறுக்கே விழுந்தேன்.

"மாப்பிள்ளை, ஒங்க அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு தெரியுமா?"

மாப்பிள்ளையின் முகம் மாறியது. ரெண்டு வருஷத்துக்கு முன் அவர் அப்பாவுக்கு, அதாவது பெரியவருக்கு, மூச்சு முட்டியபோது எல்லாரும் வைத்தியரைக் கூப்பிட ஓடினார்கள். பக்கத்தில் இருந்தது நான் மட்டும். மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

"அன்னைக்குக் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னியளே அத்தான்."

"அன்னைக்கு எனக்கு வாய் வரலை. இப்பம் வருது. 'கோலப்பா, நம்ம வண்டிப்புரையில எப்பவும் பாட்டுச் சத்தம் கேக்கணும்'னாரு."

மாப்பிள்ளை புரைக்குள் பின்சுவர் வரை நடந்து திரும்பி வந்தார். பிறகு தீர்ப்பு: வருகிற மூன்று சனிக்கிழமை பாட்டு நடக்கலாம். மூன்று சனியும் புரை பின்சுவர் வரை நிரம்ப வேண்டும். ஒரு நாள் தரை தெரிந்தாலும் எலும்புப்பொடி.

மூன்று சனி எனக்கு மூன்று சுண்டைக்காய்.

1955 அக்டோபர் 3, திங்கள்

நோட்டீஸ் எழுத மருமகள் தாணம்மாளை உட்கார வைத்தேன். தங்கை மகள், பத்தாம் கிளாஸ் முடித்தவள். கையெழுத்து முத்து. வாய்தான் மிளகாய்.

"எட்டாம் தேதி, கொழும்பு புகழ் ஆர்மோனியச் சக்கரவர்த்தி இஸ்ரவேல். எழுதுட்டீ."

"இஸ்ரவேல் அண்ணன் எப்பம் மாமா கொழும்புக்குப் போனாரு?"

"தூத்துக்குடியில போய்க் கப்பலைப் பாத்திருக்கான்."

"கப்பலைப் பாத்தா கொழும்பு புகழா?"

"அந்தக் கப்பல் கொழும்புக்குத்தான போச்சு."

எழுதினாள். பதினைந்தாம் தேதி: மிஷன் பள்ளிக்கூடத்து ராஜபாய் டீச்சரின் பிடில். இருபத்திரண்டாம் தேதி: சுடலையாண்டியின் வில்லுப்பாட்டு. மூன்று பேருமே யார் கையிலும் இல்லாதவர்கள் – கோயில் சம்பளம் இல்லை, நாடகக் கம்பெனி இல்லை. கூப்பிட ஆள் இருந்தால் வாசிப்பார்கள். கூப்பிட நான் இருக்கிறேன்.

சுடலையாண்டியிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் மறுக்கவா போகிறார்?

1955 அக்டோபர் 8, சனி

முந்நூறு பேர். (அறுபத்து நாலு என்கிறாள் தாணம்மாள். அவளுக்கு எண்ணத்தான் தெரியும், மதிப்பிடத் தெரியாது.) எப்படியானாலும் பின்சுவர் வரை ஆள்.

நாலு மணிக்கு இஸ்ரவேல் கட்டையைத் தொட்டான், மழையும் தொட்டது. மேற்கு மூலையில் ஓடு ஒழுகி, ஆர்மோனியத்தின் மேலேயே சொட்டு விழுந்தது. அவன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்ன ஞானஸ்நானமா?"

சனம் சிரித்தது. பார்வதி வெண்கல உருளியைக் கொண்டுவந்து சொட்டுக்குக் கீழே வைத்தாள். டிங். டிங். இஸ்ரவேல் காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அந்தச் சொட்டையே தாளமாக வைத்து ஒரு கீர்த்தனையைத் தொடங்கினான். மழை வலுத்தால் பாட்டும் ஓடியது, மழை தளர்ந்தால் பாட்டும் நடந்தது. இதையும் நான் முன்னமே யோசித்து வைத்திருந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

மாப்பிள்ளை சொன்னது இவ்வளவே: "ஒண்ணு ஆச்சு."

1955 அக்டோபர் 9, ஞாயிறு

அந்த மூலையைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

1955 அக்டோபர் 15, சனி

பெரிய கண்டம், தப்பினோம். எழுதினாலே கை நடுங்குகிறது. நடுங்கவில்லை, எழுத்துக்குச் சொல்கிறேன்.

ராஜபாய் டீச்சர் குடையோடும் பிடிலோடும் சரியாக நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். ஆள்தான் இல்லை. ஆண்கள் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். பின்னால் மூன்றில் ஒரு பங்கு வெறும் தரை, மெழுகி வைத்த மாதிரி. மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தத் தரையையே பார்த்தார்.

வெளியே வந்தேன். புளியமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். பொம்பளை பிடில் வாசிக்கிற அதிசயத்தைப் பார்க்க வந்தவர்கள்.

"உள்ள வாங்களேன்."

"எங்க இருக்கச் சொல்லுதிய? ஆம்பிளையளுக்க எடையிலயா?"

அது ஒரு கேள்வி. ஆண்களோடு ஒரே தரையில் இருக்கமாட்டார்கள். ஆனால் உயரத்தில் இருந்தால்? முற்றத்தில் கிடந்தது பழைய வண்டி, இடத்தை அடைக்கிறதென்று நானே வெளியே தள்ளியது. இஸ்ரவேல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நுகத்தடியைத் தூக்கி, முன்னால் இருந்தவர்களை ஒதுங்கச் சொல்லி, வண்டியைப் பின்சுவர் வரை தள்ளிக்கொண்டு போனோம். கல் முட்டுக் கொடுத்தோம். பெண்கள் சேலையை உதறிவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள், தேரில் அம்மன் இருப்பது மாதிரி. வெறும் தரை மறைந்தது.

"புரை நெறயணும்னுதான் நான் சொன்னது அத்தான். வண்டியைக் கொண்டு நெறைக்கவா சொன்னேன்?"

"எதைக் கொண்டுன்னு நீங்க சொல்லலியே மாப்பிள்ளை. வண்டிப்புரையில வண்டி நிக்கது ஒரு குத்தமா?"

சிரித்துவிட்டார். டீச்சர் முதலில் கோயில்பாட்டு – அவர்கள் கோயில் – வாசித்தார்கள். அப்புறம் வண்டியிலிருந்து ஒரு குரல், "கும்மிக்கு வாசிப்பியளா டீச்சர்?" என்றது. வாசித்தார்கள். வண்டியில் இருந்தபடியே பதினோரு பேர் கைதட்டினார்கள். சக்கரம் ஆடியது.

ரெண்டு ஆச்சு.

1955 அக்டோபர் 18, செவ்வாய்

சுடலையாண்டி மறுத்துவிட்டார்.

மழையில் அஞ்சுகிராமம் பக்கம் அவர் வீடு வரை போனேன். கோயில் கொடை இல்லாத மாதம், மனிதர் சும்மாதான் இருக்கிறார். வில்லைத் துணி சுற்றி உத்தரத்தில் கட்டியிருக்கிறார். நோட்டீஸில் பெயர் போட்டதற்குக் கோபமில்லை. காரணம் வேறு.

"பிள்ளைவாள், வில்லுன்னா சாமிக்கு முன்னால வைக்கதாக்கும். நான் பாடினா மேல ஒருத்தர் கேக்கணும். ஒம்ம புரையில யாரு இருக்கா? எலியா?"

ஊரெல்லாம் நோட்டீஸ் போயாயிற்று. அந்த நேரத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"பெரியவர் இருக்காரு."

கடைசி வார்த்தையைச் சொன்னேன். சுடலையாண்டி அசையாமல் கேட்டார். கொடைக்கெல்லாம் அவரையும் அவர் வில்லையும் குடத்தையும் வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனவர் பெரியவர். வண்டியோட்ட ஆள் வைத்திருந்தும், அன்று மட்டும் தானே ஓட்டுவாராம். எனக்கு இது தெரியாது. (தெரியும் என்று தலையாட்டினேன்.)

"அப்போ அவருக்க கதையையே பாடுகேன்" என்று எழுந்து வில்லை அவிழ்த்தார். "ஆனா பிள்ளைவாள், ஒண்ணு. செத்தவரு சொன்ன வாக்கை, எனக்கு வில்லு சொல்லித்தந்த எங்க அப்பா ஒரு எழுத்து மாத்தமாட்டாரு. வாக்கு மாறினா பாட்டு நிக்காது. அவரு சொன்னது அப்படியே வேணும். வெள்ளிக்கெழமை வாரேன்."

1955 அக்டோபர் 21, வெள்ளி

வந்தார். கேட்டார். சொன்னேன். விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னேன். "அப்படியேதானா?" என்றார். அப்படியே என்றேன்.

இனி பின்வாங்க முடியுமா? பின்வாங்கினால் வில் இல்லை. வில் இல்லாவிட்டால் எலும்புப்பொடி.

1955 அக்டோபர் 22, சனி

புரை கொள்ளவில்லை. முற்றத்தில் குடை. குடைக்குப் பின்னால் மதில். மதில் மேல் ஆள். தாணம்மாளே எண்ணுவதை விட்டுவிட்டாள்.

சுடலையாண்டி பெரியவரின் வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, மடித்து முன்னால் வைத்து, அதற்கு நேராக வில்லை வைத்தார். வில்லின் மேல் வீசுகோல் விழுந்ததும் மணி குலுங்கியது. பெரியவர் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டது, காளை பள்ளத்தில் இறங்கியபோது அதைத் திட்டாமல் ரோட்டைத் திட்டியது, கொடைக்குப் போன வழியெல்லாம் வண்டிக்குள் பாடச்சொல்லிக் கேட்டது, எல்லாம் பாட்டில் வந்தன. சனம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது.

பிறகு கடைசி வாக்கு வந்தது. வில்லும் குடமும் நின்றன. உடுக்கை மட்டும் மெதுவாக. "வண்டிப்புரையில எப்பவும் பாட்டுச் சத்தம் கேக்கணும்" – என் வார்த்தைகள், ஒரு எழுத்து மாறாமல்.

மாப்பிள்ளை மேற்கு மூலையில் உட்கார்ந்திருந்தார், வேறு இடமில்லை. மழை பிடித்தது. சரியாக அவர் உச்சியில் சொட்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பார்வதி உருளியோடு ஓடிவந்தாள். அவர் கையால் தடுத்தார்.

"வேண்டாம் பார்வதி. அப்பா தொடுத மாதிரி இருக்கு."

பார்வதி உருளியைக் கீழே வைத்துவிட்டுக் குரவையிட்டாள். வண்டியிலிருந்த பெண்களும் சேர்ந்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஓட்டைப் பார்த்தேன். அதைவிடத் தரையைப் பார்த்திருக்கலாம்.

1955 அக்டோபர் 24, திங்கள்

உர வியாபாரி வந்தான். மாப்பிள்ளை அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். "அப்பாவுக்க வாக்கு. ஊரெல்லாம் பாட்டாயிட்டு. இனி மாத்தினா சனம் என்னைப் பாட்டாக்கிப்போடும்."

தாணம்மாள் புது நோட்டீஸ் எழுதுகிறாள். வருகிற சனி: இஸ்ரவேலும் ராஜபாய் டீச்சரும் சேர்ந்து. அதற்கடுத்தது: குழித்துறை கிளாரினெட் ரசலையன். "இவரு எந்த நாட்டுப் புகழ் மாமா?" என்று கேட்டாள். ஊர் பெயரே போதும் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

1955 அக்டோபர் 30, ஞாயிறு

நேற்றும் நிரம்பியது. நேற்றும் சொட்டியது.

இன்று காலை மழை விட்டிருந்தது. ஏணி வைத்து ஏறினேன். மேற்கு மூலையில் ஓர் ஓடு இரண்டாகப் பிளந்து பாசி பிடித்துக் கிடந்தது. எடுத்துவிட்டுப் புதிய ஓட்டைச் செருகினேன். கீழே மாப்பிள்ளை.

"அத்தான், அதை ஏன் தொடுதிய? கெடந்துட்டுப் போட்டும். அப்பா தொட்ட எடம்லா."

"ஒங்க அப்பாதான் மாத்தச் சொன்னாரு."

"எப்பம்?"

கூரை மேல் நிற்கிறவனிடம் யாரும் இரண்டாம் கேள்வி கேட்கக்கூடாது. அவர் என் முகத்தையே பார்த்தார். கையிலிருந்த உடைந்த ஓட்டைப் பார்த்தார். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாத்து எறங்குங்க" என்றார்.

சாயங்காலம் மழை. தனியே போய்ப் புரையில் நின்றேன். சொட்டவில்லை.

பெரியவர் கடைசியாகச் சொன்னது இது: "கோலப்பா, வண்டிப்புரையில மேக்கு மூலையில ஓடு ஒடஞ்சு கெடக்கு. மழைக்கு முன்ன மாத்திரு." அழுதுகொண்டு ஓடிவந்த மகனிடம் ஓட்டைப் பற்றி எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஓட்டையும் மாற்றவில்லை. ரெண்டு மழைக்காலம் போயிற்று.

பாட்டுச் சத்தம் என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் உண்மை, முந்நூறு பேர் உட்பட.